தொட்டியில் மிச்சமிருந்த நீலம்

சின்ன வயதைப் பற்றிப் பேச்செடுத்தாலே, என்னைப் போலத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த உங்களுக்கெல்லாம் வாயில் சீனி போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. தகரக் கூரையில் மழை விழுந்த சத்தம், அடுப்பில் சுட்ட ரொட்டி, பீலிக் குழாயில் கொட்டுகிற தண்ணீரில் குளித்த குளியல் என்று போன வாரம்கூட அரைநாள் பேசித் தீர்த்தீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. "நீ மட்டும் ஏன் உம்முன்னு இருக்க? ஒனக்குச் சின்ன வயசே இல்லையா?" என்று ஒருத்தி கேட்டாள். இருந்தது தாயே, இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் தொடங்கி, திங்கட்கிழமை காலையில் முடிந்த கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு அப்புறம் இனிக்கிறதா என்று சொல்லுங்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டம் தலவாக்கலைக்கு மேலே இருந்தது. லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, குடும்பத்துக்கு ஒரு அறை, எங்களுடையது கடைசி. கடைசிக் காம்பராவில் ஒரு நல்லது, ஒரு கெட்டது. நல்லது, பக்கவாட்டில் மழைத்தண்ணீர்க் கான் ஓடுகிற இடம் வரைக்கும் ஒரு துண்டு நிலம் எங்களுக்கென்று கிடைத்தது. கெட்டது, மழையும் காற்றும் நேராக வந்து எங்கள் சுவரில்தான் மோதும். வெள்ளையடித்து மூன்று மாதத்தில் சுவர் பச்சையாகும், பிறகு கறுக்கும், தொட்டால் விரலில் வழவழவென்று பாசி ஒட்டும். அம்மா தும்புக்கட்டையால் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்து போவாள். அடுத்த மழைக்கு எல்லாம் திரும்ப வந்துவிடும். படுத்தால் அந்தச் சுவரின் வாடைதான் மூக்கில் ஏறும். இன்றைக்கும் என்னை விடாத இந்த இருமல் அங்கே பிடித்ததுதான்.

அந்தத் துண்டு நிலம் என் ராஜ்யம். அப்பா அதில் போஞ்சிக் கொடியும் முட்டைக்கோவாவும் போட்டிருந்தார். போஞ்சிக் கம்பில் மூக்கு நுனியில் கொம்பு முளைத்த ஓணான் ஒன்று குடியிருந்தது. மூடுபனி விலகும் வரைக்கும் கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கும். நான் கிட்டப் போய் மூச்சு விட்டாலும் கண்ணை மட்டும் உருட்டும். காட்டு மரைமான் இறங்கிய விடியலில் போஞ்சிக் கொடி பாதிதான் மிச்சமிருக்கும், ஈர மண்ணில் குளம்புத் தடம் பதிந்திருக்கும். கானில் நான் கல் அடுக்கித் தேக்கி வைத்த குழி ஒன்று இருந்தது. அதில் தலைப்பிரட்டைகள். ஒரு சோற்றுப் பருக்கையைப் போட்டால் முப்பது தலை வந்து முட்டும். அந்த மாதம் சிலதுக்குப் பின்னங்கால் முளைத்திருந்தது, வாலும் போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் எனக்குப் பள்ளிக்கூட மணி காதில் விழாது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

அப்பா மருந்து அடிக்கிறவர். தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய் விழுந்திருந்த காலம் அது. நீலத் தூளைப் பெரிய பீப்பாயில் கரைத்து, முதுகில் மருந்துக் கலத்தைக் கட்டிக்கொண்டு மலை மலையாக அடிப்பார்கள். அப்பா வீடு திரும்பும்போது புருவம், நக இடுக்கு, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு எல்லாம் நீலமாக இருக்கும். சோறு தின்றாலும் நாக்கில் ஒரு கசப்பு போகவே மாட்டேன் என்கிறது என்பார். அந்தத் தூளை ஸ்டோரில் பூட்டி வைத்திருப்பார்கள். கணக்கப்பிள்ளை அளந்துதான் கொடுப்பார். அதில் ஒரு பிடி வீட்டுக்குப் போனது தெரிந்தால் பேர் வெட்டிவிடுவார்கள். பேர் வெட்டினால் வேலை மட்டுமா போகும்? காம்பராவும் போகும். சட்டி பானையைச் சாக்கில் கட்டிக்கொண்டு பாதையில் நிற்க வேண்டியதுதான். அப்படி நின்ற குடும்பங்களை நீங்களும் பார்த்தவர்கள்தானே.

அப்பாவுக்குக் கூர்மையான கண். மருந்து சிந்துகிற கல்லில் மட்டும் பாசி பிடிப்பதில்லை என்பதை அவர் கவனித்து வைத்திருந்தார். அத்தனை பேர் அந்தப் பீப்பாயைச் சுற்றி வேலை செய்தார்கள், வேறு யார் கண்ணிலும் அது படவில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் எங்களுக்கு வினையாக வந்தது.

அக்காவுக்குப் பத்தொன்பது வயது. அவள் சிரித்தால் மூன்று காம்பரா தள்ளிக் கேட்கும். அம்மா கண்டித்துக் கண்டித்து அலுத்துப்போனாள். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு அந்தத் தோட்டத்து ஸ்டோரில் வேலை. அக்கா அவரை ஒரு திருவிழாவில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். அதை என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

"பல்லு கொஞ்சம் எடுப்புதான்டி. இருக்கட்டுமே. சிரிச்ச மொகமா இருக்காரு."

மாப்பிள்ளை வீட்டார் நகை நட்டு என்று எதுவும் கேட்கவில்லை. பொண்ணோடு பசுவும் வந்தால் போதும் என்றார்கள். எங்களிடம் ஒரு பசு இருந்தது. கன்றாக வந்த நாளிலிருந்து அக்கா கையால் புல்லறுத்துப் போட்டு வளர்த்தது. முதல் கன்று போட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து பொண்ணையும் பசுவையும் பார்ப்பது, மனசுக்குப் பிடித்தால் அன்றைக்கே வெற்றிலைத் தட்டு மாற்றிக்கொள்வது என்று பேச்சு. அக்கா அந்த வாரம் முழுக்கக் கால் தரையில் படாமல் நடந்தாள்.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை வீட்டில் அவ்வளவு வேலை. அப்பா பகலோடு வந்துவிட்டார். கூரைத் தகரத்தின் ஓட்டைகளைத் தார் தோய்த்த துணியால் அடைத்தார். தேயிலைப் பெட்டிப் பலகையை இழைத்து, பித்தளைச் செம்பு வைக்க ஒரு தட்டு அடித்தார். கதவு கத்தாமல் இருக்கத் துருப்பிடித்த கீலைக் கழற்றிவிட்டு, பழைய டயர் ரப்பரை வெட்டி ஆணி அறைந்தார். கூரை மூலையில் கொண்டைக்குருவி கூடு கட்டி மூன்று முட்டை இட்டிருந்தது. அந்த மூலையை மட்டும் அடைக்காமல் விட்டார்.

"குஞ்சு பறக்கட்டும். அதுவரைக்கும் ஒழுகுனா ஒழுகிட்டுப் போவுது" என்றார்.

அப்படிப்பட்ட மனுசன்தான் எங்கள் அப்பா. குருவி முட்டைக்கு இரங்கினவர். அதைச் சொல்லாமல் விட்டால் நான் அநியாயம் செய்தவளாவேன்.

பிறகு சுவர். அம்மா சுண்ணாம்பை முதல் நாளே ஊற வைத்திருந்தாள். கரைப்பதற்குப் பெரிய பாத்திரம் எங்களிடம் ஏது? பசுவுக்குக் கழுநீர் வைக்கிற தொட்டிதான் இருந்தது. பாதியாக அறுத்த தகர பீப்பாய். அதில் சுண்ணாம்பைக் கொட்டி, உடுப்பில் ஒட்டாமல் சுவரில் பிடிக்க வேண்டும் என்று இரண்டு கை உப்பும் ஒரு சட்டி பழைய கஞ்சியும் ஊற்றிக் கலக்கினார்கள். அப்புறம் அப்பா படங்குக்குள்ளிருந்து இரண்டு பால் டின்களை எடுத்தார். பீப்பாய் அடியில் தங்குகிற மருந்து வண்டலை ஒரு வாரமாக வழித்துச் சேர்த்து, சோற்றுப் பொட்டலத்தோடு சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார்.

அம்மாவுக்குக் கை நின்றுவிட்டது.

"ஏங்க, இது ஸ்டோர் மருந்தாச்சே. கணக்கப்புள்ளைக்குத் தெரிஞ்சா என்னாகும்?"

"கான்ல கொட்டுற வண்டல்தான் புள்ள. கேட்டா சலவை நீலம்னு சொல்லிக்குவம். நாலு வருசத்துக்குப் பாசி அண்டாது, பாத்துக்க."

வெள்ளை வேட்டிக்குப் போடுகிற சலவை நீலத்தைச் சுண்ணாம்பில் கலந்து பூசுவது எல்லா லயத்திலும் உள்ள வழக்கம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"இந்தா, நீ வாயத் தொறந்த, பேரு வெட்டிருவாங்க. நாம பாதையிலதான் நிக்கணும். வெளங்குதா?"

எனக்கு நன்றாக விளங்கியது. எதையும் நன்றாக விளங்கிக்கொள்கிற பிள்ளை நான்.

சுவர் காய்ந்தபோது என்ன அழகு! சாம்பல் நிற லயத்தில் எங்கள் சுவர் மட்டும் தெளிந்த வானம் மாதிரி நின்றது. சாயந்தரம் கொழுந்து நிறுத்துவிட்டுக் கூடையோடு வந்த அக்கா, "அடியாத்தே, இது யாரு வூடுடி!" என்று கையைத் தட்டிச் சிரித்தாள். "சலவை நீலம், கொஞ்சம் தூக்கலா போட்டேன்" என்று அப்பா அவளிடமும் அதையேதான் சொன்னார். அவள் வாயாடி, பீலிக்கரையில் உளறிவிடுவாள் என்ற பயம். ஆக, அந்த மருந்து விஷயம் தெரிந்தவர்கள் வீட்டில் மூன்று பேர். அக்காவுக்குத் தெரியாது.

ஞாயிறு விடிந்ததும் அப்பா முன்திண்ணை இஸ்தோப்புப் படிக்கும் நீலம் பூசினார். நீலம் பூசின மட்டையைக் கானில் அலசினார். தொட்டியில் கால்வாசி மிச்சம் இருந்தது. கொட்ட மனசு வரவில்லை. அடுத்த வாரம் அடுப்படிக்குப் பூசலாம் என்று சாக்கைப் போட்டு மூடி, தொட்டியைப் பின்பக்கத்தில் அதன் வழக்கமான இடத்தில் வைத்தார். அந்த இடம் எது என்று கேளுங்கள். பசு கட்டுகிற முளைக்குச்சிக்குப் பக்கத்தில்.

நான் எழுந்ததும் கானுக்கு ஓடினேன். என் குழியில் தண்ணீர் பால் கலந்த மாதிரி இருந்தது. தலைப்பிரட்டைகள் எல்லாம் வயிற்றை மேலே காட்டி மிதந்தன. கால் முளைத்ததும் அப்படி, முளைக்காததும் அப்படி. கல்லிடுக்கில் இருக்கிற பெரிய தவளையைக் குச்சியால் தொட்டேன். அது அப்படியே சாய்ந்தது. மண்புழுக்கள் கரைக்கு ஏறி வந்து விறைத்துக் கிடந்தன. கத்திக்கொண்டே வீட்டுக்குள் ஓடினேன்.

"அம்மா, கான்ல எல்லாம் செத்துக் கெடக்குதும்மா!"

அம்மா கையிலிருந்த அகப்பையாலேயே வாயில் ஒன்று போட்டாள்.

"நல்ல நாளும் அதுவுமா என்ன வார்த்த பேசுற, மூதேவி! அவுங்க வந்துட்டுப் போற வரைக்கும் அந்தப் பேச்சு ஒன் வாயில வரப்படாது."

நல்ல காரியம் நடக்கிற வீட்டில் சாவு என்ற சொல்லே காதில் விழக்கூடாது. நாம் எல்லாரும் அப்படித்தான் வளர்ந்தோம். செத்துப்போன பூனையைக்கூட "படுத்திருக்கு" என்போம். அப்பா வாசலில் மட்டையோடு நின்றார். நான் சொன்னது அவர் காதில் விழுந்தது. கொஞ்ச நேரம் கானையே பார்த்தார். பிறகு, "தவக்களைதானே. மழைக்குத் திரும்ப வரும்" என்று சொல்லிவிட்டு மட்டையைக் கூரையில் செருகினார். கல்லில் பாசி பிடிக்காததைக் கண்டுபிடித்த மனிதருக்கு, இது ஏன் செத்தது என்பது தெரியாமலா போயிருக்கும்? தெரிந்தும் அதற்கு மேல் ஒரு அடி யோசிக்கவில்லை.

பிறகு தோட்டத்து மாட்டுப் பட்டியிலிருந்து பசுவையும் கன்றையும் ஓட்டி வந்தார்கள். அக்கா பசுவைத் தேய்த்துக் குளிப்பாட்டி, நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, அதே முளைக்குச்சியில் கட்டினாள். சாக்குக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்த பெரியவர்கள் இரண்டு பேரும் முன்பக்கம் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் பெரியப்பாவும் வந்தார்கள். ரயிலில் இறங்கிக் குறுக்குப் பாதையில் ஏறி வந்த களைப்பு தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா உட்காரும் முன்பே சுவரைத் தடவிப் பார்த்தார்.

"எங்க லயமெல்லாம் ஒரே பாசி தங்கச்சி. இங்க என்னமா வெச்சிருக்கீங்க!"

அப்பாவுக்கு முகம் மலர்ந்துபோனது. அந்த மலர்ச்சியை அவர் முகத்தில் அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

பெரியவர்கள் பேச்சு அலுத்துப்போய்க் கன்றைப் பார்க்கப் பின்பக்கம் போனேன். சாக்கு கீழே கிடந்தது. பசு தொட்டிக்குள் தலையை விட்டிருந்தது. அதன் தொட்டிதானே, கஞ்சி வாசனை, உப்பு வேறு. தலையைத் தூக்கியபோது மூக்கு வரைக்கும் நீலம். நாக்கை நீட்டி நீட்டி நக்கிக்கொண்டது. தொட்டிக்குள் பார்த்தேன். அடி மண்டியைத் தவிர ஒன்றும் இல்லை.

உள்ளே ஓடினேன். அக்கா தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அம்மாவின் காதில் சொன்னேன்: "மாடு நீலத்தக் குடிச்சிருச்சும்மா." அம்மா என் தொடையில் கிள்ளினாள், இன்றைக்கும் அந்த இடம் வலிக்கிற மாதிரி இருக்கிறது. "கன்னுக்குட்டி கயித்தச் சுத்திக்கிச்சாம், இந்தா வந்துர்றேன்" என்று சிரித்துக்கொண்டே எழுந்து பின்பக்கம் வந்தாள். முந்தானையின் உட்புறத்தால் பசுவின் வாயையும் மூக்கையும் அழுந்தத் துடைத்தாள். தொட்டியைக் காலால் கவிழ்த்தாள்.

"மூச்சு விட்ட, கொன்னுருவேன்" என்றாள் என்னிடம்.

நீலம் வெளியே தெரியாமல் முந்தானையை மடித்துச் செருகிக்கொண்டு, திரும்ப உள்ளே போய்ச் சிரித்தாள்.

லயத்தில் மாட்டுக்கு வைத்தியம் தெரிந்தவர் ஒருவர் இருந்தார், பட்டிக்காரர். நாலாம் காம்பரா. கூப்பிட்டால் இரண்டு நிமிடத்தில் வந்திருப்பார். அவர் கேட்கிற முதல் கேள்வி, என்னத்தைக் குடித்தது என்பதுதான். அதனால் கூப்பிடவில்லை. ஒன்றும் ஆகாது என்று அப்பாவும் அம்மாவும் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள்.

சாப்பாடு முடிந்து மாப்பிள்ளையின் அம்மா பசுவைப் பார்க்க வந்தார். மடியைத் தொட்டுப் பார்த்து, "நல்ல மடி" என்றார். அக்கா கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது திமிறி அவள் காலை மிதித்தது. மாப்பிள்ளை சிரித்துவிட்டார், அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பல் எடுப்புதான். ஆனால் அவள் சொன்ன மாதிரி நல்ல சிரித்த முகம். நான் பார்த்தேன்.

மூன்று மணிக்கு நல்ல நேரம். பாயில் இரண்டு தட்டும் தயாராக இருந்தன. வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம். நேரம் வரட்டும் என்று எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது பின்பக்கம் ஒரு முக்கல் கேட்டது. மனுசர் முக்குவது மாதிரியே இருந்தது. போய்ப் பார்த்தால் பசு கீழே கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. வாயில் நுரை. கழிந்திருந்த சாணி பச்சையும் நீலமுமாக இருந்தது. மற்றவர்கள் வருவதற்குள் அப்பா மண்வெட்டியால் அதன்மேல் மண்ணை இழுத்து மூடினார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன்.

"இப்பத்தானே நல்லா நின்னுச்சு!" என்று மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பக்கத்துக் காம்பரா அத்தை ஓடி வந்து, கண்ணு பட்டுவிட்டது என்று மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டார். பசு எழுந்திருக்கவில்லை.

"இன்னிக்கு வேணாம்ப்பா. பசு எந்திரிக்கட்டும். அப்பறம் ஒரு நாள் தட்டு மாத்திக்கலாம்" என்று பெரியப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார். போய்விட்டார்கள். வளைவில் மாப்பிள்ளை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். அக்கா அதைப் பார்க்கவில்லை. அவள் பசுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா தின்னுச்சு? ஏதாச்சும் செடியக் கிடியக் கடிச்சிருச்சா? நீ பாத்தியாடி?" என்று என்னைக் கேட்டாள்.

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று.

திங்கட்கிழமை காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுச் சங்கு ஊதுகிற நேரத்தில் பசு செத்தது. மாட்டுக்கு வருகிற கொள்ளை நோயாக இருக்குமோ என்ற பயத்தில் கணக்கப்பிள்ளையே பட்டிக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வேலைக்குப் புறப்பட்ட லயமே சுற்றி நின்றது. பட்டிக்காரர் பசுவின் வாயைப் பிளந்து பார்த்தார்.

"நோவு மாதிரி தெரியலைங்க ஐயா. நாக்கு வெந்திருக்கு. எதையோ குடிச்சிருக்கு."

கணக்கப்பிள்ளை அப்பாவைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"சொவத்துக்கு என்னடா பூசுன?"

"சலவை நீலம்ங்க ஐயா."

"அப்ப மாடு எப்புடிடா செத்துச்சு?"

அப்பா தரையைப் பார்த்தார். அவருக்கு அந்த நேரத்தில் என்னென்ன கண் முன்னால் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். சாக்கு மூட்டை, பாதை, நாங்கள் நாலு பேர். பொய் சொல்ல வேண்டியதுதான், சொல்லட்டும். பாம்பு தீண்டியது என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தார். அவள் கன்றின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எம் மக நேரம்ங்க ஐயா. இவளுக்குன்னு எதைத் தொட்டாலும் இப்புடித்தான் ஆவுது. பாக்க வந்த அன்னிக்கே வூட்டு லெச்சுமி சாஞ்சிருச்சு. இவ ராசிங்க, வேற என்னத்தச் சொல்ல."

கூட்டத்தில் "ச்சொ, ச்சொ" என்றார்கள். பொம்பளைகள் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கணக்கப்பிள்ளைக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. சீக்கிரம் புதைக்கச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பட்டிக்காரர் மட்டும் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் பின்னால் இறங்கினார். அக்கா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை. தன்னைப் பற்றித் தனக்கே தெரியாத ஒரு விஷயத்தை இப்போதுதான் கேள்விப்பட்டவள் மாதிரி நின்றாள். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள், பாவி மகள்.

நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்பது வயதுப் பிள்ளை என்ன செய்யும் என்பீர்கள். சரி. பதினெட்டு வயதில் எனக்கு வாய் இருந்ததே, அப்போது மட்டும் என்ன செய்து கிழித்தேன்?

மாப்பிள்ளை வீட்டிலிருந்து வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். ராசி என்ற அந்த ஒரு வார்த்தை லயம் லயமாகப் போய்விட்டது. வளைகாப்புக்கு அக்காவை அழைப்பது நின்றது. கவ்வாத்து வெட்டிப் புதிதாகத் துளிர்த்த மலையில் முதல் கொழுந்தைக் கிள்ள மற்றவளைக் கூப்பிடுவார்கள். அவளும் தானாகவே பின்னால் நிற்கப் பழகினாள். சிரிப்பு அடுத்த காம்பராவுக்குக்கூடக் கேட்காமல் போனது. இருபத்தேழு வயதில், கினிகத்தேனைப் பக்கத்தில் மூன்று பிள்ளைகளோடு இருந்த தாரமிழந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். மேளம் இல்லை, கோயிலில் மாலை மாற்றியதோடு சரி.

சுவரில் மட்டும் பாசி அண்டவில்லை. நாலு வருடம் என்றார், ஐந்து வருடம் தாங்கியது.

அப்பா அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. அம்மாவும் பேசவில்லை. அம்மா போய், அப்பா போனபோது அக்காதான் அங்கிருந்த எல்லாரையும்விட அதிகமாக அழுதாள். என் கல்யாணத்தில் அவள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. தாலி ஏறின பிறகு வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தூரத்தில் நின்று பார்த்தாள். அன்றைக்கும் நான் சொல்லவில்லை. சம்பந்தி வீட்டார் முன்னால் எங்கள் அப்பாவைத் திருடன் ஆக்குவதா என்று இருந்துவிட்டேன். எனக்கும் ஒரு காரணம் கிடைத்தது பாருங்கள்.

எனக்கு ஐம்பது வயது நெருங்கியபோது என் மூத்த மகளைப் பொண்ணு பார்க்க வருவதாக இருந்தது. அக்காவை அழைக்கக் கினிகத்தேனைக்குப் போனேன். அக்கா மெலிந்திருந்தாள். மூத்தாள் பிள்ளைகள் அவளை நன்றாகத்தான் வைத்திருந்தார்கள். தேத்தண்ணி குடித்து முடித்ததும், இனியும் சொல்லாவிட்டால் நான் மனுசியே இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். பால் டின், தொட்டி, கஞ்சி, உப்பு, அம்மாவின் முந்தானை, மண் இழுத்து மூடிய சாணி, ஒன்றும் விடவில்லை. சொல்லும்போது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"ஒன் ராசி இல்லக்கா. மருந்துக்கா அது. அப்பாவுக்குத் தெரியும்."

அக்கா எழுந்து என் கோப்பையை எடுத்துக்கொண்டாள்.

"நீ அப்ப இத்தூண்டு புள்ள. ஒனக்கு என்ன தெரியும்? என்னையத் தேத்துறதுக்குச் சொல்ற."

"சத்தியமா அக்கா. என் கண்ணால பாத்தேன்."

"நம்மப்பா அப்புடிப்பட்ட ஆளா?" அவள் குரல் உயர்ந்தது, அத்தனை வருடத்தில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். "தெரிஞ்சுக்கிட்டே பெத்த புள்ள தலையில போடுவாரா? செத்துப்போன மனுசர் மேல இப்புடிப் பழி போடாதடி. நாக்கு அழுகிப் போவும்."

ராசி கெட்டவளாக இருப்பதை அவள் நாற்பது வருடம் பழகிக்கொண்டுவிட்டாள். அப்பா கைவிட்ட மகளாக இருக்க அவளால் முடியாது. எனக்கு அப்போதுதான் அது விளங்கியது. வாயை மூடிக்கொண்டேன்.

கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அவளாகவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபம் போய்விட்டது.

"புள்ளைக்கு நல்லபடியா அமையட்டும். அன்னிக்கு நா வரல. எல்லாம் முடிஞ்சப்பறம் ஒரு நாள் வந்து பாத்துக்குறேன்."

"வாக்கா" என்றேன்.

"வேணாம்டி."

அந்தப் பசு எதனால் செத்தது என்று தெரிந்தவர்களில் உயிரோடு இருந்தவள் நான் ஒருத்திதான். அப்படிப்பட்ட நான் அதற்கு மேல் அவளைக் கூப்பிடவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது, அவள் வரமாட்டாள் என்பது எனக்கு நிம்மதியாக இருந்தது.